பக்கத்துப் பாதைக்காரன்

ஆரோக்கியநாதன் விழுந்ததை ஓசூரில் ஒருவரும் பார்க்கவில்லை. அது நடந்தது கடல் தாண்டி, கோலாலம்பூரில், பல நாட்டு ஓட்டப் போட்டி ஒன்றில். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து மாதா கோயில் வாசல் வரைக்கும் எல்லாரும் கிட்டத்தில் நின்று பார்த்த மாதிரிதான் பேசினார்கள். காலைத் தூக்கியது போதவில்லை என்றார் ஒருவர். அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்றார் இன்னொருவர். பேப்பரில் அவனைப் பற்றி வந்தது ஒரே வரி: அதே போட்டியில் கலந்துகொண்ட ஆரோக்கியநாதன் தடையில் தடுக்கி விழுந்தார். அந்த வரிக்கு மேலே, பெரிய எழுத்தில், வேப்பனப்பள்ளி சென்னகிருஷ்ணனுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்த செய்தி.

அவன் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. பெங்களூர் போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். தூங்குகிறான் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள் அவனைப் பற்றியே பேசுவார்கள்.

பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் லேத் பிரிவில் அவனுக்கு வேலை. அந்த வேலை கிடைத்ததே ஓட்டத்தால்தான். நூற்றுப் பத்து மீட்டர் தடை ஓட்டம். இடுப்புக்கு மேலே வரும் உயரத்தில் வரிசையாகப் பத்து மரச்சட்டங்கள் நிற்கும். அவற்றைத் தாண்டிக் குதிப்பது என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஓடுகிறவனுக்கு அது குதிப்பு இல்லை. ஓட்டத்தை விடாமல் சட்டத்தின் மேலாகப் போய்விட வேண்டும். கொஞ்சம் கூடுதலாக எம்பினால் பின்தங்கிவிடுவான், குறைத்தால் முட்டியைச் சட்டம் பதம் பார்த்துவிடும்.

சென்னகிருஷ்ணனும் அதே ஓட்டக்காரன். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. ரயில்வேயில் வேலை, பெங்களூரில் ஜாகை. பள்ளிக்கூட நாளில் ஒரு ஜில்லாப் போட்டியில் இருவரும் எதிரெதிராக ஓடியதிலிருந்து பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னகிருஷ்ணன் ஓசூருக்கு வந்துவிடுவான். ஏரியில் தண்ணீர் வற்றிய பக்கம் தரை கெட்டியாக இருக்கும். ஆசாரியிடம் சொல்லிச் செய்த சவுக்குச் சட்டங்களை அங்கே நட்டு இருவரும் ஓடுவார்கள். பிறகு ஆரோக்கியநாதன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி சூசைமேரி கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி வந்த புதிதில், மூன்றாவது தட்டு வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை சமையலே முடியாது போல என்று அவள் கேலி செய்ததுண்டு.

ஊர் திரும்பிய மறுநாள் அவன் குளித்துவிட்டு வந்தபோது சூசைமேரி அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, உள்பக்கம், பிறை பிறையாக நாலு காயம் பொருக்குத் தட்டியிருந்தது.

"விழுந்தா உள்ளங்கை சிராயும், முட்டி சிராயும். இங்க எப்படிக் காயம் வந்துச்சு?"

"சட்டம் கிழிச்சிருக்கும்."

"சட்டத்துக்கு நகம் இருக்குதா?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் பொய் சொல்லும் நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரல்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை போனான். அப்புறம் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

அன்றைக்குக் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓடுபாதையில் பரப்பிய கரித்தூள் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. இறுதி ஓட்டத்தில் இந்தியாவிலிருந்து இவர்கள் இரண்டே பேர். குலுக்கலில் பக்கத்துப் பக்கத்துப் பாதை விழுந்தது. சென்னகிருஷ்ணன் அவனுக்கு இடது கைப்புறம். புறப்படுவதற்கு முன் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சென்னகிருஷ்ணனின் கை சில்லிட்டிருந்தது.

துப்பாக்கி வெடித்ததும் ஆரோக்கியநாதன் நன்றாகவே கிளம்பினான். அவன் ஓட்டத்தில் அவனுக்குப் பிடித்த ஒரு கட்டம் உண்டு. பாதித் தடைகள் தாண்டியதும் உடம்பு தானாகவே தாளத்தில் போகும்; அடுத்த சட்டம் எங்கே இருக்கிறது என்று கண் தேடாது. அன்றைக்கு அந்தத் தாளம் வந்துவிட்டது. முன்னால் ஒரு ஜப்பான்காரன் மட்டும்தான். வலது பக்கம் யாரும் தெரியவில்லை. இடது பக்கம் சென்னகிருஷ்ணனின் மூச்சு கேட்டது. கடைசிச் சட்டங்களுக்கு வரும்போது அந்தப் பக்கம் மரம் முட்டிய சத்தம் வந்தது. யாரோ தடையில் இடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அதே நேரத்தில் அவன் இடது கையை ஒரு கை பிடித்தது.

"தடை ஓட்டத்துல கையோட கை இடிக்கும், மேரி. அது சகஜம். இடிச்சிட்டு விலகிடும். இது பிடி. அஞ்சு விரலும் அழுந்திச்சு."

அவன் உடம்பு இடது பக்கம் திரும்பியது. முன்கால் சட்டத்தில் மாட்டியது. கரித்தூள் வாயில் ஏறியது. தலையைத் தூக்கியபோது சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தான்.

ஓடுபாதையின் ஓரத்தில் நின்றிருந்த நடுவர் ஒருவர் ஏதோ தவறு நடந்தது என்று கொடியைத் தூக்கியிருந்தார். அதனால் பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்த ஓர் அறைக்கு ஆரோக்கியநாதனைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் தொப்பி வைத்த வயதான சீனர் ஒருவர் தலைமை நடுவர். பக்கத்துப் பாதைக்காரர் உனக்கு இடைஞ்சல் செய்தாரா என்பதுதான் அவர் கேட்கப்போகும் கேள்வி என்று உள்ளே போவதற்கு முன்பே இந்திய அணியின் மானேஜர் சொல்லிவிட்டார். ஆமாம் என்றால் சென்னகிருஷ்ணன் பெயரை எடுத்துவிடுவார்கள், வெண்கலம் நான்காவதாக வந்த நாட்டுக்குப் போய்விடும், நீ விழுந்தவன் விழுந்தவன்தான், உனக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்று சொன்னார். இந்தப் போட்டியில் ஓட்டத்தில் நமக்கு வேறு பதக்கமே இல்லை என்பதையும் சொன்னார். அவனைத் தோளில் தட்டி, நல்ல பையன் என்றார்.

சென்னகிருஷ்ணன் கதவருகே நின்றிருந்தான். ஓடும்போது போடும் ஆணிச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதன் அடியில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஆரோக்கியநாதன் அவனைப் பார்த்தான். அவன் நிமிரவில்லை.

உள்ளே போய், இல்லை, நானாகத்தான் விழுந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தான். வயதான நடுவர் அவன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டி அனுப்பிவிட்டார்.

"சரி, சென்னகிருஷ்ணன் அண்ணன் என்ன சொன்னாரு அதுக்கப்பறம்?" என்று கேட்டாள் சூசைமேரி.

"ஒன்னும் சொல்லல."

"தங்குன அறைக்கு வந்து?"

"படுத்துட்டான்."

"ஏரோப்ளேன்ல?"

"தூங்கிட்டு வந்தான்."

சூசைமேரி எழுந்து போய் அந்தக் காயத்துக்கு மருந்து எடுத்து வந்தாள். மருந்து போடவேண்டிய கட்டத்தை அது தாண்டிவிட்டது என்பது இருவருக்குமே தெரியும்.

பத்து நாள் போல் கழித்து கிருஷ்ணகிரியில் சென்னகிருஷ்ணனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். கூட ஓடியவர் என்று ஆரோக்கியநாதனையும் அழைத்தார்கள். போக வேண்டாம் என்றாள் சூசைமேரி. போகாவிட்டால் பொறாமை என்பார்கள் என்று அவன் போனான். அதற்கும் உள்ளே வேறொரு காரணம் இருந்தது. சென்னகிருஷ்ணன் தன்னைத் தனியாக அழைத்துப் போய் ஏதாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று அவன் நம்பினான். என்ன வார்த்தை என்று அவனுக்கே தெரியவில்லை.

மாம்பழக் காலம். பந்தலுக்கு வெளியே வண்டி வண்டியாகக் காய் இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் சென்னகிருஷ்ணனுக்குக் கழுத்து மறையும்படி மாலை போட்டிருந்தார்கள். ஆரோக்கியநாதனுக்கும் ஒரு துண்டு போட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் பேசி முடித்ததும், தலைமை தாங்கிய பெரியவர் விளையாட்டாக மைக்கைச் சென்னகிருஷ்ணன் பக்கம் திருப்பி, நம் ஓசூர்த் தம்பி ஏன் விழுந்தார், அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அடுத்த தடவை இரண்டு பதக்கமாக வரட்டும் என்று கேட்டார்.

சென்னகிருஷ்ணன் எழுந்து நின்றான். மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது... கால் கொஞ்சம் தாழ்ந்துபோச்சு அவனுக்கு. ஈரத் தரை. வேற ஒன்னுமில்ல."

கூட்டம் இரக்கமாக உச்சுக்கொட்டியது. யாரோ ஒருவர் ஆரோக்கியநாதனின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். விழா முடிந்து சென்னகிருஷ்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பக்கம் வர முயன்றபோது, அவன் பந்தலின் பின்வழியாக வெளியேறி பஸ் ஏறிவிட்டான்.

அதுவரைக்கும் அவனுக்கு வருத்தம்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் உடம்பு கெட்டது.

காய்ச்சலோ வலியோ ஒன்றும் இல்லை. தனியாக ஓடினால் முன்போலவே ஓடினான். தொழிற்சாலை மைதானத்தில் புதிதாகச் சேர்ந்த ஓட்டக்காரன் ஒருவனைப் பக்கத்துப் பாதையில் ஓடவிட்டார்கள். மூன்றாவது சட்டத்துக்குப் போவதற்குள் ஆரோக்கியநாதனின் இடது கை நெஞ்சோடு ஒடுங்கிக்கொண்டது. கை ஒடுங்கினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் பின்கால் இடிக்கும். சட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்தன. மறுநாளும் அப்படியே. ஸ்போர்ட்ஸ் ஆபீசர் நல்ல மனிதர், கன்னடக்காரர். விழுந்த பயம் போகவில்லை, இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன் என்று ஆறுதலாகச் சொன்னார். தேசியப் பயிற்சி முகாமுக்கான தேர்வு ஓட்டம் வருகிறது, அதில் தேறவில்லையென்றால் பயிற்சிக்கு விடும் நேரத்தை நிறுத்திவிட்டு முழு ஷிப்டில் போட்டுவிடுவார்கள், என் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அவன் முட்டி தினமும் வீங்கி வந்ததைச் சூசைமேரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டான். காலையிலேயே விடுப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். பொழுது சாயும் நேரத்தில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு கூடை மாம்பழம். அதைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"வேப்பனப்பள்ளிக்கா போன?"

"ஆமா. போனன்."

அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் அவளைத் திட்டியதில்லை. அன்றைக்குத் திட்டினான். என்னைக் கேட்காமல் எப்படிப் போனாய், ஊர் சிரிக்கட்டும் என்று போனாயா, பிச்சை கேட்கப் போனாயா என்றெல்லாம் கேட்டான். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே கேட்டுக்கொண்டாள். அவன் ஓய்ந்த பிறகு நடந்ததைச் சொன்னாள்.

சென்னகிருஷ்ணனின் தாயார் வெங்கடம்மாள் அவளை வாய் நிறையக் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாளாம். அந்த அம்மாளுக்கு ஒன்றுமே தெரியாது. மகன் பதக்கம் வாங்கி வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, லீவை நீட்டிக்கொண்டே போகிறான், தோப்பே கதி என்று கிடக்கிறான், கண்ணேறு பட்டுவிட்டது என்று இவளிடம் அழுதாளாம். சூசைமேரி தோப்புக்கே போய் அவனைப் பார்த்தாள். சுற்றிவளைக்கவில்லை. அவரு கையில உங்க நகம் பதிஞ்சிருக்குது அண்ணா, நான் பார்த்தன் என்று சொன்னாள்.

"அதுக்கு அவரு, நாதனே சொல்லட்டும் தங்கச்சி, எங்க வேணா சொல்லட்டும், நான் இல்லன்னு சொல்ல மாட்டன்னாரு."

ஆரோக்கியநாதன் சிரித்தான். கேட்பதற்கு நன்றாக இல்லாத சிரிப்பு. "அப்ப நான்தான் சொல்லணுமா? நடுவர்கிட்ட இல்லன்னு சொன்னவனும் நான், இப்ப ஆமான்னு சொல்றவனும் நானா? அவன் தோப்புல உக்காந்திருப்பான்."

"அதைத்தான் நானும் அவருகிட்ட சொன்னன்" என்றாள் சூசைமேரி. "அதுக்கு அவரு இந்தக் கூடையில பழத்தப் போட்டு நீட்டுனாரு."

அந்த மாம்பழங்களை இருவருமே தொடவில்லை. பழுத்து வீடெல்லாம் வாசம் அடித்தது. கடைசியில் அவள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரத்தில் ஆரோக்கியநாதன் ஒரு முடிவுக்கு வந்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் ஒருவரிடம், ஞாயிற்றுக்கிழமை ஓடுவதற்கு வரச் சொல்லுங்கள் என்று சென்னகிருஷ்ணனுக்குச் சொல்லி அனுப்பினான். வேறு எதுவும் சொல்லவில்லை. வருவானோ மாட்டானோ என்று நினைத்திருந்தான். வெயில் ஏறும் முன்பே சென்னகிருஷ்ணன் ஏரிக்கு வந்து நின்றான். இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான்.

இருவரும் பேசிக்கொள்ளாமல் சட்டங்களை நட்டார்கள். ஆரோக்கியநாதன் வலது பக்கம் போய் நின்றுகொண்டு இடது பக்கத்தைக் கையால் காட்டினான்.

"கோலாலம்பூர்ல நின்ன மாதிரி நில்லு" என்றான். "ஓடு. என்கூட ஒட்டியே ஓடு."

ஓடினார்கள். முதல் சட்டத்திலேயே ஆரோக்கியநாதனின் கை ஒடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை வெளியே வீசினான். இரண்டாவதைத் தாண்டினான். அப்போதுதான் பக்கத்தில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தான். இடது பக்கம் மூச்சு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சென்னகிருஷ்ணன் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கட்டிப்போட்டவன் ஓடுவதுபோல் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான். சட்டத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். தாண்டவே இல்லை.

"என்னா?" என்று கேட்டான் ஆரோக்கியநாதன்.

"வரல."

"என்னா வரல?"

"கை வரல, நாதா. அங்கிருந்து வந்த நாள்ல இருந்து கையை வீச முடியல. யார் மேலயாவது பட்டுடும்னு இருக்குது."

சென்னகிருஷ்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆரோக்கியநாதன் உட்காரவில்லை. வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். ஏரியின் தண்ணீர் நின்ற பக்கத்தில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லு" என்றான்.

"என் கால் சட்டத்துல இடிச்சிடுச்சு. நான்தான் விழ வேண்டியது. விழறப்ப கை தானா நீளும் பாரு, அப்படி நீண்டுச்சு. உன் கை அங்க இருந்துச்சு. புடிச்சிட்டன். புடிச்சது எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது." அவன் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "ஆனா விட்டிருக்கலாம். புடிச்சப்பறம் உன் கைதான்னு தெரிஞ்சிபோச்சு. விட்டா நான் விழுவன்னும் தெரிஞ்சிபோச்சு. விடல."

ஆரோக்கியநாதன் இத்தனை நாளும் கேட்க நினைத்தது இதுதான். கேட்டுவிட்டால் உள்ளே கட்டியிருப்பது ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் இறங்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவன் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேலேயே எரிச்சலும் வந்தது.

"கிருஷ்ணகிரியில ஏன் அப்படிச் சொன்ன?"

"வாயில அதான் வந்துச்சு. நீ முன்னாடியே அப்படித்தான நடுவர்கிட்ட சொன்ன. அதையே புடிச்சிக்கிட்டன்."

"அதையும் புடிச்சிக்கிட்ட" என்றான் ஆரோக்கியநாதன்.

சென்னகிருஷ்ணன் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, நான் எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில், வேண்டாம் என்ற பதிலை எதிர்பார்ப்பது தெரிந்தது. அவன் அறிந்த ஆரோக்கியநாதன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். கோலாலம்பூரில் சொன்னவன்தானே.

"சொல்லு" என்றான் ஆரோக்கியநாதன்.

சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, சட்டங்களைப் பிடுங்கக்கூட நிற்காமல், கரை ஏறிப் போனான். அன்றைக்கு அவன் சாப்பிட வரவில்லை.

முதலில் அவன் பெங்களூர் போய் அணி மானேஜரைப் பார்த்தான் என்பது பின்னால் தெரிந்தது. மானேஜர் கதவைச் சாத்திவிட்டு, முடிந்துபோன விஷயத்தைக் கிளறினால் நடுவரிடம் பொய் சொன்னதற்கு ஆரோக்கியநாதனையும், இழுத்துத் தள்ளியதற்கு உன்னையும் சேர்த்து வெளியே தள்ளுவார்கள், அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவனையும் கெடுக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு மேல் எங்கே போவது என்று சென்னகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. போய்ச் சொல்வதற்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் குந்தாரப்பள்ளி சந்தையில் வியாபாரிகள் அவனுக்கு ஒரு பாராட்டு வைத்தார்கள்.

ஆரோக்கியநாதன் அங்கே போகவில்லை. அவனுக்குச் செய்தி கொண்டுவந்தவன் எல்லப்பன். தொழிற்சாலையில் வாட்ச்மேன், அதே காலை பஸ்ஸில் வருபவன். சந்தைக்கு மாடு பார்க்கப் போனவன் கூட்டத்தைக் கண்டு நின்றிருக்கிறான். பஸ்ஸில் ஏறியதுமே பத்து பேர் காதில் விழும்படி ஆரம்பித்தான்.

சென்னகிருஷ்ணன் மைக்கைப் பிடித்ததும் அழுதுவிட்டானாம். இந்தப் பதக்கம் என்னுடையது இல்லை, நாதன் கையைப் பிடித்து இழுத்து நான் நிமிர்ந்தேன், அவன் விழுந்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னானாம். சந்தையே கொஞ்ச நேரம் கப்சிப் என்று ஆகிவிட்டதாம்.

"அப்பறம்?" என்று கேட்டான் ஆரோக்கியநாதன்.

"அப்பறம் என்னா, ஒரு பெரியவர் எழுந்திருச்சு கையெடுத்துக் கும்பிட்டாரு. கூட்டாளி விழுந்த அவமானத்தத் தன் தலையில போட்டுக்கிற மனசு எவனுக்கு வரும்னாரு பாரு, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஜனம் கை தட்டுது, கை தட்டுது, நிறுத்தவே இல்ல." எல்லப்பன் அவன் தொடையில் தட்டினான். "நீ குடுத்து வெச்சவன் நாதா. இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கெடைக்கும்?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆரோக்கியநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சென்னகிருஷ்ணன் சொன்னதுதான் நிஜம் என்று சொல்ல வாயெடுத்தான். அந்த முகங்களைப் பார்த்தான். நன்றி கெட்டவன் என்று நினைப்பதற்குத் தயாராக இருந்த முகங்கள். வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் இதைச் சொன்னபோது சூசைமேரி முதலில் நம்பவில்லை. நிஜம்தான் என்று தெரிந்ததும் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நகக்காயத்தைப் பார்த்த நாளில்கூட அவள் அழுததில்லை. அவன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். மூணு பேரோட போகட்டும். விடுங்க."

மூன்று பேர் போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தேர்வு ஓட்டம் பெங்களூரில் நடந்தது. பெயர் வாசிக்கும்போது வேப்பனப்பள்ளி சென்னகிருஷ்ணனின் பெயரையும் வாசித்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. இன்னொரு தடவை வாசித்துவிட்டுப் பெயரை அடித்துவிட்டார்கள். அவன் ரயில்வே வேலையையே விட்டுவிட்டதாக யாரோ சொன்னார்கள்; காய்ச்சல் என்று வேறு யாரோ சொன்னார்கள்.

ஆரோக்கியநாதனின் இடது பக்கம் மைசூரிலிருந்து வந்த ஓர் ஓட்டக்காரன். உயரமானவன், நீளமான கைகள். புறப்படும் இடத்தில் குனிந்தபோதே ஆரோக்கியநாதனின் முன்கை கூசியது. வெடிச் சத்தம் கேட்டது. முதல் சட்டத்தில் கை ஒடுங்கியது. அடுத்ததிலும் ஒடுங்கியது, முட்டி இடித்தது, ஆனால் விழவில்லை. அதற்குப் பிறகு மைசூர்க்காரன் முன்னால் போய்விட்டான். பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதும் கை தானாகத் திறந்துகொண்டது. பழைய தாளம் அரைகுறையாக வந்தது. கடைசிச் சட்டங்களில் இரண்டு பேரைப் பிடித்துத் தாண்டி மூன்றாவதாக வந்தான். முகாமுக்கு இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள்.

ஸ்போர்ட்ஸ் ஆபீசர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். விழாமல் முடித்தாயே என்று சொன்னார். திங்கட்கிழமை முதல் முழு ஷிப்டு என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். பெங்களூர் இருந்த மைசூர் ராஜ்ஜியத்தில் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த காலம். இந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் எல்லை தாண்டியதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, பாட்டில் இருக்கிறதா என்று பைகளைக் குடைவார்கள். ஆரோக்கியநாதனும் இறங்கி வரிசையில் நின்றான். போலீஸ்காரர் அவன் பையில் கையை விட்டு ஆணிச் செருப்பை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"நீ ஓசூர் ஓட்டக்காரன்தான? வெளிநாட்டுல தடுக்கி விழுந்தவன்."

"தடுக்கி விழல" என்றான் ஆரோக்கியநாதன். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "பக்கத்துல ஓடுனவன் கையைப் புடிச்சு இழுத்தான். அதுல விழுந்தன். நடுவர் கேட்டாரு. நான் இல்லன்னு பொய் சொல்லிட்டன்."

போலீஸ்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வாயை மோந்து பார்ப்பதுபோல் கொஞ்சம் கிட்டே வந்தார். குடித்திருக்கவில்லை என்று தெரிந்ததும் செருப்பைப் பைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி சரி, போ. பின்னால ஆள் நிக்குது" என்றார்.

பின்னால் நின்ற பெண்ணின் மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆரோக்கியநாதன் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து பஸ்ஸில் ஏறினான். வீட்டுக்குப் போய் மேரியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தான். ஷிப்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேப்பனப்பள்ளிக்குப் போய் சென்னகிருஷ்ணனைப் பார்க்கலாமா வேண்டாமா என்று அவளைக் கேட்க வேண்டும். போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பஸ் நகர்ந்தது.